எண்பத்து மூன்று மில்லி

என் மேசையில் பேனாக்கள் நிற்பது ஓர் இன்ஜின் லைனருக்குள். பிஸ்டன் ஏறி இறங்கும் வார்ப்பிரும்புக் குழல். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த உயரம். வெளிப்பக்கம் துருவின் செம்மை, உட்பக்கம் இன்னும் வழவழப்பு. வெர்னியரை உள்ளே விட்டு அளந்தால் 83 மில்லிமீட்டரும் கொஞ்சமும் காட்டும். அந்தக் கொஞ்சம் தேய்மானம். நைனா வைத்திருந்த ஸ்டாண்டர்ட் 20 பிக்கப்பிலிருந்து 1977-ல் கழற்றிப் போட்ட நான்கு லைனர்களில் ஒன்று இது. மற்ற மூன்றும் எந்த உலையில் உருகி என்னவாயினவோ.

அப்போது எங்கள் வீடு திருப்போரூரில், கந்தசாமி கோயிலின் சந்நிதித் தெருவுக்கு ஒரு தெரு தள்ளி. எனக்குப் பதினொரு வயது. பிக்கப்பை நைனா மூன்று வருஷத்துக்கு முன்னால் இரண்டாம் கையாகவோ மூன்றாம் கையாகவோ வாங்கியிருந்தார். வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் தொழிற்சாலையில் பிறந்த வண்டி. எங்கள் ஊரிலிருந்து கேளம்பாக்கம் போய் மேற்கே திரும்பினால் வண்டலூர். அதனால் ஊரில் எல்லோரும் அதை நம்ம பக்கத்து வண்டி என்றுதான் பேசுவார்கள்.

மூக்கு இல்லாத வண்டி அது. இன்ஜின் முன்னால் துருத்திக்கொண்டு இருக்காது. கேபினுக்குள்ளேயே, ஓட்டுகிறவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் நடுவே, தகர மூடிக்குக் கீழே இருக்கும். மூடிமேல் சாக்கை நாலாக மடித்துப் போட்டு நான் உட்கார்ந்துகொள்வேன். கோவளம் போய்த் திரும்புவதற்குள் சாக்கைத் தாண்டிச் சூடு ஏறிவிடும். ஆனாலும் இறங்க மாட்டேன். இன்ஜினுக்குள் நடப்பதெல்லாம் என் முதுகெலும்பு வழியாகக் காதுக்கு வரும் இடம் அது. கியர் மாற்றப் போகிறார் என்பது நைனாவின் கை அசைவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும்.

சவுக்குதான் எங்கள் பிழைப்பு. அன்றைக்குக் கோவளம் கரையோரத்தில் தோப்புத் தோப்பாகச் சவுக்கு நின்றது. கட்டடச் சாரத்துக்குக் கம்பம், மிச்சமெல்லாம் விறகு. பட்டணத்து விறகுத்தொட்டிகளுக்கு நைனா லோடு அடிப்பார். கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகிற சாலையின் இரண்டு பக்கமும் உப்பளம். வெயிலில் கண் கூசும். அதுவரைக்கும் தொல்லை இல்லை. சாலையை விட்டுத் தோப்புக்குள் இறங்கி, முழு லோடோடு மணலில் திரும்பி ஏறி வருவதில்தான் எல்லாம் இருந்தது. வண்டி திணறும். முதல் கியரிலும் மூச்சு நின்றுவிடும். கீற்றும் பலகையும் சக்கரத்துக்கு அடியில் செருகி, நாலு பேர் தள்ளி, நைனா வியர்வையில் குளித்து வெளியே வருவார். சில நாள் பாதி லோடை இறக்கிவைத்து விட்டு இரண்டு நடை அடிப்பார். அந்த நாள்களில் ராத்திரிச் சாப்பாட்டின்போது வீட்டில் யாரும் பேச மாட்டோம்.

“வண்டில பிக்கப்பே இல்ல” என்பார். அந்தச் சொல் எனக்கு வெகுநாள் புதிராக இருந்தது. வண்டிக்கே பிக்கப் என்றுதான் பெயர், அப்புறம் அதில் பிக்கப் இல்லை என்றால்? இழுவைக்கும் வேகம் பிடிப்பதற்கும் தமிழ்நாட்டு ஓட்டுநர்கள் எல்லோரும் சொல்லும் சொல் அது என்று பிறகு தெரிந்தது.

கேளம்பாக்கம் கூட்ரோட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் பாயின் மெக்கானிக் ஷெட். பெயர்ப்பலகை கிடையாது. அவருடைய பெயரைச் சொல்லியும் யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் பாய்தான். வெள்ளிக்கிழமை கடை திறக்காது. வியாழன் சாயங்காலமே கைகளை மண்ணெண்ணெயிலும் மணலிலும் தேய்த்துக் கழுவிக்கொண்டு கோவளம் தர்காவுக்குப் புறப்பட்டுவிடுவார்.

நைனா வண்டியை நிறுத்தி, “இன்ஜினுக்கு வயசாயிடுச்சு பாய்” என்றார்.

பாய் உடனே பதில் சொல்லவில்லை. நீளமான திருப்புளியை எடுத்து நுனியை இன்ஜின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். நாலு சிலிண்டருக்கும் நாலு இடம் மாற்றி வைத்தார். பிறகு பின்பக்கம் போய்ப் புகைக்குழாயின் வாயில் உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு நின்றார். “வயசெல்லாம் ஒண்ணும் ஆவலண்ணே. மூச்சு வாங்க முடியாம கெடக்குது. உள்ள இஸ்துக்கவும் முடியல, வெளிய வுடவும் முடியல. தொறந்து பாத்துடலாம்” என்றார்.

திறந்த அன்று எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. சிலிண்டர் ஹெட்டைத் தூக்கி மரப்பெட்டிமேல் கவிழ்த்ததும் பாய் என்னைக் கிட்டே கூப்பிட்டார். “தம்பி, லைனருக்குள்ள கட்டைவிரல் நகத்த வச்சு மேலேர்ந்து கீழ இழு.” இழுத்தேன். ஒரு விரற்கடைக்குள் நகம் ஒரு படியில் தட்டி இறங்கியது. பிஸ்டனின் மேல் ரிங் ஏறிவரும் எல்லை அது. அதற்கு மேலே ரிங் தொடாததால் லைனர் பிறந்த மேனிக்கு இருக்கிறது. கீழே பல கோடி தடவை உரசி உரசித் தேய்ந்திருக்கிறது. தேய்ந்த இடத்துக்கும் தேயாத இடத்துக்கும் நடுவில் நிற்பதுதான் அந்தப் படி. “அளவு பாக்கறதுக்கு முன்னால நகம் சொல்லணும்” என்றார் பாய். பிறகுதான் அளவுக் கருவியை எடுத்தார்.

அந்த இன்ஜினைப் பற்றி நான் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. பாய்க்கு இதில் பாதி தெரியாது. ஆனால் பாய் செய்ததெல்லாம் இதற்குப் பொருந்தி வந்ததுதான் எனக்கு இன்றும் வியப்பு. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு வான்கார்டு காருக்காக உருவாக்கிய நாலு சிலிண்டர் இன்ஜினின் வாரிசு அது. பெரும்பாலான இன்ஜின்களில் சிலிண்டரைப் பிளாக்கிலேயே கடைந்திருப்பார்கள். தேய்ந்தால் மறுபடி கடைந்து அகலப்படுத்த வேண்டும். இதில் அப்படி இல்லை. பிளாக் வெறும் கூடு. அதற்குள் லைனர்களைத் தனியாக இறக்கி வைப்பார்கள். சுற்றிலும் தண்ணீர் நேராக லைனரைத் தொட்டு நிற்கும். கிணற்றுக்குள் உறை இறக்குகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். வேறு அளவு உறையை இறக்கினால் அதே கூட்டுக்குள் வேறு இன்ஜின்.

அந்த ஒரு கூட்டை வைத்துக்கொண்டு அவர்கள் என்னென்னவோ செய்தார்கள். பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 92 மில்லிமீட்டர், அதை மாற்றவில்லை. லைனரின் உள்விட்டம் மட்டும் மாறியது. 76 மில்லி போட்டு என்சைன் என்கிற சிக்கனமான கார். 80 மில்லி போட்டு பெர்குசன் டிராக்டர். 85 போட்டு வான்கார்டு. 1953-ல் 83 மில்லி போட்டு, இரண்டு லிட்டருக்கு ஒரு மயிரிழை குறைவாக 1991 சிசி என்று நிறுத்தி, ட்ரையம்ப் டிஆர்2 என்கிற ஸ்போர்ட்ஸ் காருக்குள் வைத்தார்கள். அந்த வருஷமே பெல்ஜியத்தில் ஜாபெக் என்ற ஊரின் நெடுஞ்சாலையில் அது மணிக்கு 124 மைலைத் தொட்டது. பிறகு 86 மில்லி, 2138 சிசி, டிஆர்4. ஏர் உழுததும் பந்தயம் ஓடியதும் ஒரே எலும்புக்கூடுதான். கோவளத்து மணலில் எங்கள் சவுக்கை இழுக்கத் திணறியதும் அதே பரம்பரை என்று தெரிந்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. நைனா அப்போது உயிரோடு இல்லை.

எங்கள் வண்டிக்குள் 83 இருந்தது. பாய் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போய், ஒரு முழு நாள் கடை கடையாக ஏறி இறங்கி, 86 மில்லி பிஸ்டனும் லைனரும் ஒரு செட் பிடித்துக்கொண்டு வந்தார். தினத்தந்தித் தாளில் சுற்றி, மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கியதைப் பார்த்தேன். இந்த மாற்றத்தால் கொள்ளளவு ஏழு சதவீதம்தான் கூடும். பாயிடம் அந்தக் கணக்கு இல்லை. ஆனால், “லைனர் கொஞ்சம்தான் குடுக்கும், மிச்சத்த ஹெட்டுல எடுக்கணும்” என்று அவர் சொன்னது சரியான கணக்கு.

லைனர் இறக்குவதில் பாய் காட்டிய நிதானத்தைப் போல் வேறெதிலும் நான் பார்த்ததில்லை. இரண்டிரண்டு லைனருக்கு அடியில் எட்டு வடிவத்தில் ஒரு கேஸ்கெட் உட்கார வேண்டும். அது சரியாக அமர்ந்தால்தான் சுற்றி நிற்கும் தண்ணீர் கீழே எண்ணெய்க்குள் இறங்காது. மேலே லைனரின் விளிம்பு பிளாக்கின் முகத்தைவிட மூன்று முதல் ஐந்து தவ் உயர்ந்து நிற்க வேண்டும். அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு தவ். அவ்வளவு துளி உயர்ந்து நின்றால்தான் ஹெட்டை இறுக்கும்போது லைனர் அழுந்திப் பிடிக்கும். சமமாக இருந்தால் உள்ளே ஆடும், தண்ணீர் கசியும், ஒரு மாதத்தில் இன்ஜின் போய்விடும். எஃகு விளிம்பைக் குறுக்கே வைத்து, பீலர் கேஜின் தகடுகளை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தார். மூன்றாவது லைனரை மட்டும் ஐந்து தடவை எடுத்து எடுத்து வைத்தார். அதற்குள் மதியம் போய்ச் சாயங்காலம் ஆகிவிட்டது. நைனா பீடியைப் பற்றவைக்காமல் விரலிடுக்கில் வைத்துக்கொண்டு நின்றார்.

வால்வு தேய்க்கிற வேலை எனக்குக் கொடுக்கப்பட்டது. குச்சியின் முனையில் ரப்பர் கிண்ணம். அது வால்வின் முகத்தைக் கவ்விக்கொள்ளும். பசை தடவி, குச்சியை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து, தீக்கடைவதைப்போல் முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். முதலில் கரகரவென்று கேட்கும். பசை மாவாக மாவாகச் சத்தம் மெலிந்து பட்டு மாதிரி ஆகும். அப்போது நிறுத்த வேண்டும். எட்டு வால்வுக்கு இரண்டு நாள் ஆயிற்று. கடைசியில் ஹெட்டின் துவாரங்களில் மண்ணெண்ணெய் ஊற்றி ராத்திரி முழுக்க விட்டோம். காலையில் ஒரு சொட்டும் கசியவில்லை. பாய் என் தலையில் கை வைத்தார், எண்ணெய்க் கையோடு.

துவாரங்களின் உட்சுவரை அரத்தாலும் உப்புத்தாளாலும் அவரே இழைத்தார். காற்று வருகிற வழியில் வார்ப்பின் முரடு எங்கெங்கே தட்டுகிறதோ அங்கெல்லாம் விரலை விட்டுப் பார்ப்பார், இழைப்பார், மறுபடி விரலை விடுவார்.

இந்த வித்தையெல்லாம் அவருக்குச் சோழவரத்திலிருந்து வந்தது. சென்னைக்கு வடக்கே, போர்க்கால விமான ஓடுதளத்தில், 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்தும். இளவயதில் அங்கே ஒரு பந்தயக்காரரின் வண்டிக்கு உதவியாளாகப் போயிருக்கிறார் பாய். எங்கள் வேலைக்கு நடுவே என்னையும் ஒருமுறை கூட்டிப்போனார். ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, பியட், எல்லாம் சீட்டும் கதவுத்துணியும் உரித்தெடுத்த வெற்றுடம்புகள். புழுதியும், ரப்பர் கருகும் வாடையும், ஆயிரக்கணக்கில் சனமும். சனமெல்லாம் வண்டியைப் பார்த்தது. பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். “அந்தச் செவப்பு வண்டிக்கு மூணாவது சிலிண்டர் எரியல, ரெண்டு ரவுண்டுல நின்னுடும்” என்றார். அடுத்த சுற்றுக்கு அது வரவில்லை.

திரும்பி வந்ததும் ஹெட்டின் அடிமுகத்தை லேத்தில் கொடுத்து அரைத்துக்கொண்டு வந்தார். அரைத்தால் பிஸ்டனுக்கு மேலே உள்ள வெளி சுருங்கும், காற்றும் பெட்ரோலும் இன்னும் நெருங்கி நசுங்கும், வெடிப்பு பலமாகும். பந்தயத்தில் எல்லோரும் செய்வது. ஆனால் அதிகம் அரைத்துவிட்டார்கள். பூட்டி ஓட்டிப் பார்த்தபோது, ஆக்ஸிலேட்டரை மிதித்தவுடன் உள்ளேயிருந்து தகர டப்பாவில் ஆணியைக் கொட்டிக் குலுக்குகிற சத்தம். அந்த நாளில் எங்கள் பக்கத்துப் பங்கில் கிடைத்தது 83 ஆக்டேன் பெட்ரோல். நசுக்குவதைத் தாங்காமல், பொறி மூட்டிய தீ பரவி வந்து சேர்வதற்கு முன்னாலேயே மிச்சம் தானாக வெடித்துவிடும். லைனரும் 83, பெட்ரோலும் 83 என்று பின்னாளில் கவனித்தபோது அந்த எண்ணின்மேலேயே எனக்கு ஒரு பாசம் வந்துவிட்டது.

பாய் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காரவில்லை. மறுநாளே ஹெட்டைக் கழற்றி, செப்புத்தகட்டில் இன்னொரு கேஸ்கெட்டைக் கையால் வெட்டி இரட்டையாக வைத்தார். டிஸ்ட்ரிபியூட்டரைத் துளித் துளியாகத் திருப்பிப் பொறியைப் பிந்த வைத்தார். சத்தம் அடங்கியது. கேம் ஷாப்டை மாற்றச் சொல்லிச் சோழவரத்து நண்பர் ஒருவர் யோசனை சொன்னபோது மறுத்தும்விட்டார். “அது ஓட்டப்பந்தயக்காரன் காலு. நமக்கு வேண்டியது மூட்ட தூக்கறவன் தோளு.” வேகமாகச் சுற்றும்போது கிடைக்கும் குதிரைசக்தி மணலில் உதவாது, மெதுவாகச் சுற்றும்போதே முறுக்கு வேண்டும். இதைப் புத்தகத்தில் வளைகோடு வரைந்து விளக்குவார்கள். இவ்வளவு தெளிவாக நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

கோயில் வாசலில் நிறுத்தி, எலுமிச்சம்பழம் வைத்து, புறப்பட்டோம். பின்னால் ‘ரன்னிங் இன்’ என்று சுண்ணாம்பில் எழுதிய அட்டை. முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு நாற்பதைத் தாண்டக் கூடாது. புது ரிங்கும் புது லைனரும் ஒன்றையொன்று பழகிக்கொள்ள அவகாசம். நைனா தினமும் சாயங்காலம் காலி வண்டியை மாமல்லபுரம் வரை ஓட்டிப்போய் வருவார், நான் சாக்குமேல். ஆலத்தூர், பையனூர், பூஞ்சேரி. பனைமரங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போகும். எதிரே ஒரு பஸ் வந்தால் அபூர்வம். பெட்ரோல் வீணாகிறதே என்று அம்மா சொல்வாள். நைனா அந்தச் செலவுக்காக வருந்தி நான் பார்க்கவில்லை. அந்த ஒரு மாதம்தான் அவர் லோடு இல்லாமல், அவசரம் இல்லாமல், என் பக்கத்தில் உட்கார்ந்து வண்டி ஓட்டியது.

பிறகு ஒரு நாள் முழு லோடு ஏற்றிக் கோவளத்து மணலில் இறங்கினோம். தள்ளுவதற்கு நாலு பேர் வழக்கம்போல் வந்து நின்றார்கள். நைனா கியர் போட்டார். எனக்குக் கீழே ஒரு பெருமூச்சு எழுந்தது. உறுமல் என்று சொன்னால் பொய். தாழ்ந்த, உருண்டையான, அவசரமில்லாத ஒலி. தேர் வடம் பிடிக்கும்போது ஆயிரம் பேர் அடிவயிற்றிலிருந்து எடுக்கும் சத்தத்தின் தொடக்கத்தைப் போல. வண்டி ஒருமுறை அமிழ்ந்தது, பிறகு தன்னைத்தானே தூக்கிக்கொண்டு நடந்தது. சாலைக்கு வந்து சேர்ந்ததும் நைனா நிறுத்தவில்லை. நேரே கேளம்பாக்கம், தூங்குமூஞ்சி மரத்தடி. இன்ஜினை அணைக்காமல் இறங்கிப்போய்ப் பாயின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். சக்தியைக் கூட்டினோம், பிரேக்கை யாரும் தொடவில்லை. அதே பழைய டிரம் பிரேக், கூடுதல் லோடு. இன்றைக்கு நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரித்தவர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்தச் சட்டத்தோடு எனக்குச் சண்டை இல்லை.

நான்கு வருஷம் ஓடியது. 1973-ல் ஏறத் தொடங்கிய பெட்ரோல் விலை, 1979-க்குப் பிறகு எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாமல் போயிற்று. பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் வைப்பது சென்னைக்குப் புதிதல்ல. 1951-லேயே சிம்ப்சன் கம்பெனி செம்பியத்தில் பெர்கின்ஸ் பி6 டீசல் இன்ஜினைச் செய்யத் தொடங்கி, பெட்ரோல் லாரிகளுக்குள் வைத்துக் கொடுத்த ஊர் இது. அதற்கும் முன்னால், போர்க்காலத்தில், டிவிஎஸ் செய்த காஸ் பிளான்ட்டை முதுகில் கட்டிக்கொண்டு கரி பஸ் ஓடிய ஊர். 1981-ல் எங்கள் வண்டிக்கும் டீசல் வந்தது. ஆர்.சி. புத்தகத்தில் எரிபொருள் என்ற இடத்தில் மாற்றி எழுதினார்கள். சிக்கனம்தான், இழுவையும் குறைவில்லை. ஆனால் சாக்குமேல் உட்கார முடியவில்லை. பல் கிட்டித்தது. நானும் வளர்ந்துவிட்டேன், சாலை பார்க்க ஜன்னலோரம் போய்விட்டேன்.

கழற்றிய இன்ஜினைப் புதுப்பேட்டைக்கு எடைக்குப் போட்டார்கள். பாய் அன்று ஷெட்டில் இல்லை. இல்லாமல் போனது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

1985-ல் ஸ்டாண்டர்ட் கம்பெனி, ரோவரின் உடம்புக்குள் அந்தப் பழைய வான்கார்டு பரம்பரை இன்ஜினை, அதே 1991 சிசி-யாக வைத்து, ஸ்டாண்டர்ட் 2000 என்று பெரிய கார் ஒன்றைக் கொண்டுவந்தது. அந்த உடம்பின் கனத்துக்கு அது போதவில்லை. 1988-ல் தொழிற்சாலையே நின்றது. சோழவரத்துப் பந்தயம் 1990-ல் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது. எங்கள் மகாபலிபுரம் சாலைக்கு ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் வந்து, சிறுசேரி வரைக்கும் ஆறு வழியாக அகன்றது. தூங்குமூஞ்சி மரம் நின்ற இடத்தை என்னால் இப்போது அடையாளம் காட்ட முடியவில்லை. இரண்டு மூன்று தடவை வண்டியை மெதுவாக்கிப் பார்த்தேன், பின்னால் ஹாரன் அடித்தார்கள். சவுக்குத் தோப்புகளின் இடத்தில் மதில்சுவர்கள். கடல் மட்டும் அதே இடத்தில் இரைகிறது, சாலையிலிருந்து கேட்காது.

பாய் எப்போது இறந்தார் என்று எங்களுக்குச் சேதி வரவில்லை. நைனா இறந்த வருஷம் நாங்கள் வீட்டைக் காலி செய்தபோதுதான் பரணில் அரிசிச் சாக்குக்கு அடியில் இந்த லைனர் கிடைத்தது. அவர் எதற்காக எடுத்து வைத்தார், யாரிடமும் சொல்லவில்லை.

எழுதும்போது வார்த்தை வராவிட்டால் பேனாக்களை மேசையில் கொட்டிவிட்டு அதைக் கையில் எடுப்பேன். கட்டைவிரல் நகத்தை உள்ளே விட்டு மேலேயிருந்து கீழே இழுப்பேன். ஒரு விரற்கடைக்குள் தட்டும்.